உரிமம் வச்சிருக்கவன்கிட்ட கேட்டீங்க, சேரிகிட்ட கேட்டீங்களா?

"எல்லாரையும் கலந்துக்கிட்டுத்தான் முடிவு பண்ணியிருக்கோம்." ஒரு அதிகாரி இப்படிச் சொன்னால் எனக்கு உடனே வருகிற கேள்வி, அந்த 'எல்லாரும்' யாருய்யா என்பதுதான். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற ரோட்டில், அமராவதிபுதூரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் 'எல்லாரும்' என்ற சொல்லுக்குத் தனி வரலாறே உண்டு.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் (சிவகங்கை அப்போது அதற்குள்தான் இருந்தது) கள்ளர் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை, செருப்பு கூடாது. எங்காட்கள் மீறினார்கள். உடனே 1931 ஜூனில் தடை பதினொன்றாக ஏறியது. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக்கூடாது, மாடு மேய்க்கணும் என்பதும் அதில் ஒன்று. ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி சாதி பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தப் பட்டியல் அச்சாகியிருக்கிறது. அந்தத் தடைகளைப் போட்ட கூட்டத்திலும் 'எல்லாரும்' கூடித்தான் முடிவெடுத்தார்கள். யாருக்கு விதி எழுதப்பட்டதோ அவர்கள்தான் அங்கே இல்லை.

அது பழங்கதை என்று சொல்கிறவர்கள் கண்டதேவிக்குப் போய்ப் பாருங்கள். தேருக்கு நாலு வடம், நாலு நாட்டுக்கு. 1998இல் நாங்களும் வடம் பிடிப்போம் என்று தலித்துகள் கேட்டதும் தேரே நின்றுபோனது. அதற்குப் பிறகு எத்தனை 'அமைதிப் பேச்சுவார்த்தை', எத்தனை நீதிமன்ற உத்தரவு! பல வருச இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூனில்தான் தேர் ஓடியது, அதுவும் போலீஸ் குவிப்போடு. அந்த நாலு நாட்டில் ஒன்றான உஞ்சனையில் 1979இல் புரவியெடுப்பில் உரிமை கேட்டதற்காக ஐந்து தலித்துகளைக் கொன்றார்கள். இந்த மண்ணில் 'கலந்தாலோசனை' என்றால் என்ன அர்த்தம் என்பதை நாங்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். குடித்துவிட்டு நடக்கிற அடிதடி, ரகளை, பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடப்பது, பொம்பளைகள் அந்த வழியாகவே போக முடியாமல் போவது, இதையெல்லாம் குறைக்க உள்ளூர் அளவில் திட்டம் போடணும் என்று அதிகாரிகளுக்கு அவ்வப்போது ஞானோதயம் வரும். திருவிழா நெருங்கினால் வரும். தேர்தல் நெருங்கினால் வரும். எங்கேயாவது கொலை விழுந்து பத்திரிகைக்காரன் எழுதிவிட்டால் கட்டாயம் வரும். உடனே ஒரு ஆலோசனைக் கூட்டம். எங்கள் வட்டாரத்தில் ஒரு அலுவலகத்தில் அப்படி ஒன்று நடந்தபோது, நானும் எங்கள் தெருப் பெண்கள் நாலு பேரும் மனு எழுதிக்கொண்டு போனோம். உள்ளே இருந்தவர்கள் பார் எடுத்தவர்கள், கடைக்குக் கட்டடம் வாடகைக்கு விட்டவர், ரோட்டோர ஹோட்டல்காரர், வியாபாரிகள் சங்கத்துக்காரர். "அண்ணே, நீங்க சொல்லுங்க, எத்தன மணிக்கு மேல பிரச்சன வருது?" என்று பார்க்காரரைப் பார்த்து அதிகாரி மரியாதையாகக் கேட்கிறார். எங்களுக்கு வாசல்படி. "மனுவ குடுத்துட்டுப் போங்கம்மா, பாத்துக்கிறோம்." கூட வந்த அத்தை ஒருத்தருக்கு எழுபது வயசு இருக்கும். அது உள்ளே கேட்கிற மாதிரியே கேட்டது: "ஏங்கய்யா, குடிச்சிட்டு வந்து மிதிக்கிறது எம் மகள. யோசன கேக்குறது அவுககிட்டயா?"

யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு கேள்விப்பட்ட முடிவுகள் இவை: கடை வாசலில் வண்டி நிறுத்தக்கூடாது, பாரில் கேமரா வைக்கணும், ராத்திரி ரோந்து 'காலனிப் பக்கம்' கூட்டப்படும். கவனியுங்கள் தோழர்களே, ரோந்து பாருக்குக் கிடையாது, காலனிக்கு! விற்கிற இடத்துக்குக் கேமரா, வாழ்கிற இடத்துக்கு லத்தி.

இதை ஒரு அதிகாரியின் கொழுப்பு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அந்த ஆள் நல்லவராகவே இருக்கலாம். நான் சொல்ல வருவது, அந்தக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை அதிகாரிக்கு முன்னாலேயே சட்டம் தீர்மானித்து வைத்திருக்கிறது என்பதை.

தமிழ்நாட்டில் சரக்கை விற்பது யார்? 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கினது டாஸ்மாக். 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சி சில்லறை வியாபாரத்தையும் அதன் கையில் கொடுத்தது. அன்றையிலிருந்து மாவட்டத்தில் சரக்கு விற்கிறவனும், விற்பதற்கு விதி போடுகிறவனும், விற்றதால் வந்த ரகளையை அடக்க வருகிறவனும் ஒரே அரசாங்கம். 2003-04இல் இதில் வந்த வருமானம் 3,639 கோடி. 2024-25இல் 48,344 கோடி. ஆட்சிகள் மாறின, இந்தக் கணக்கு மட்டும் பல மடங்கு ஏறியது. 2016இல் 500 கடை, 2017இல் 500 கடை, 2023இல் 500 கடை என்று மூடினார்கள், பேப்பரில் போட்டோ வந்தது. 2022-23இல் 44,121 கோடியாக இருந்த வருமானம், 500 கடையை மூடிய பிறகு 2023-24இல் 45,855 கோடி! கடை குறைந்தது, குடி குறையவில்லை. மூடின கடையின் கூட்டம் பக்கத்துக் கடையில் வந்து நின்றது. அந்தப் பக்கத்துக் கடை எங்கே இருக்கிறது, யார் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

பார் என்பது இன்னும் வேடிக்கை. கடையை ஒட்டி நடக்கிற பாரை எடுக்கிறவனுக்குக் காகிதத்தில் கொடுக்கிற உரிமை, தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் பொறுக்குவதும்தான். சுண்டல், ஊறுகாய், தண்ணி பாக்கெட், பிளாஸ்டிக் கிளாஸ். ஆனால் அவன் கட்ட வேண்டிய தொகையை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? கடையில் மாசம் எவ்வளவு சரக்கு ஓடுகிறது என்பதை வைத்து. அதாவது அந்த இடத்தில் எவ்வளவு குடிக்கிறார்களோ அவ்வளவுக்கு அரசாங்கத்துக்கும் லாபம், எடுத்தவனுக்கும் லாபம். இந்த இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து குடியால் வரும் ஒழுங்கின்மையைக் குறைப்பது எப்படி என்று பேசுகிறார்களாம்! பூனைகள் கூடி மீன் கூடையைக் காவல் காப்பது பற்றிப் பேசினால்கூட ஒரு பூனையாவது சிரித்துவிடும்.

2022 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. பார் நடத்தவோ அதற்கு ஏலம் விடவோ டாஸ்மாக்குக்குச் சட்டத்தில் அதிகாரமே இல்லை, ஆறு மாசத்தில் மூடுங்கள் என்றார் நீதிபதி. அரசாங்கம் மேல்முறையீட்டுக்குப் போனது. பார்கள் இன்றைக்கும் இருக்கின்றன. இதில் நான் கவனித்தது வேறு. அந்த வழக்கைப் போட்டது யார்? குடியால் செத்தவன் பெண்டாட்டியா? கடைக்குப் பின்னால் குடியிருக்கும் சேரியா? இல்லை, ஏல நிபந்தனை தங்களுக்கு நட்டம் என்று பார் எடுத்தவர்கள் போட்ட வழக்கு அது. நீதிமன்ற வாசல்வரைக்கும் போய்ச் சேர வழி தெரிந்தவர்களும் உரிமம் வைத்திருக்கிறவர்கள்தான்.

இனி தூரக்கணக்குக்கு வருகிறேன். இதை மாணவத் தோழர்கள் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கணும். 2003ஆம் வருசத்துச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி நகராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக்கூடாது, மற்ற இடங்களில் 100 மீட்டர். சரி. வழிபாட்டுத் தலம் என்றால் எது? அதற்கும் விளக்கம் வைத்திருக்கிறான். இந்து அறநிலையத் துறையில் பதிவான கோயில், வக்பு வாரியத்தில் பதிவான பள்ளிவாசல், சர்ச், அரசாங்கம் ஆணை போட்டுச் சொல்கிற மற்றவை.

எங்கள் காளியம்மா எந்த ரிஜிஸ்டரில் பதிவாகியிருக்கிறாள்? வேப்பமரத்தடியில் கல்லும் சூலமுமாய் நிற்கிற முனி, ஓலைக் கூரைக்குக் கீழே இருக்கிற மாரி, கண்மாய்க்கரைக் கருப்பு, இவர்களுக்கு எந்த அதிகாரி பட்டா போட்டுக் கொடுத்தான்? ஊர்க்கோயிலுக்குச் செப்பேடு இருக்கிறது, டிரஸ்டி இருக்கிறான், ரிஜிஸ்டர் இருக்கிறது. சேரிச் சாமிக்கு எங்கள் நம்பிக்கை ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு மீட்டர் கணக்கு கிடையாது. அதனால் ஊர்ச்சாமிக்கு 100 மீட்டருக்கு அப்பால் போகும் கடை, சேரிச்சாமியின் முதுகில் வந்து உட்காரலாம், சட்டப்படி தப்பே இல்லை! கடவுளுக்குள்ளேயும் ஊர் சாமி, காலனி சாமி என்று பிரித்து எழுதிய விதி இது. இதை எழுதியவன் மனசில் சாதி இருந்ததா என்று கேட்காதீர்கள். விதி அமலாகும்போது எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

அதைவிடப் பெரிய விசயம் இன்னொன்று. கோயிலுக்குத் தூரம் உண்டு, பள்ளிக்கூடத்துக்குத் தூரம் உண்டு. மனுசன் குடியிருக்கிற வீட்டுக்கு? தூரம் என்று ஒரு மீட்டர்கூட அந்த விதியில் கிடையாது. ஊருக்குள் கோயிலும் பள்ளிக்கூடமும் நெருக்கமாய் இருக்கும், ஆகவே அந்த வட்டத்துக்குள் கடை வராது. வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கும்? ஊருக்கு வெளியே என்ன இருக்கிறதோ அதுதான். காலனி, சுடுகாட்டுப் பாதை, ரயில் தண்டவாளம், தரிசு. 'ஊருக்கு வெளியே' என்று ஆயிரம் வருசத்துக்கு முன்னால் யாரைத் தள்ளிவைத்தீர்களோ, அவர்கள் வாசலில் கொண்டுவந்து கடையையும் தள்ளிவைக்கிறீர்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. சங்கராபுரம் மாதிரியான ஊராட்சிகளைச் சேர்த்தார்கள். ரோடு வரும், லைட்டு வரும் என்று கொண்டாடினார்கள். அதோடு சேர்ந்து அந்த ஊர்களில் 100 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கும் என்பதை யாராவது மேடையில் சொன்னார்களா?

2017ஐ மறந்திருக்க மாட்டீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, வழக்கறிஞர் பாலு போட்டது. மறு மார்ச் மாசக் கடைசியில், இருபதாயிரம் பேருக்குள் இருக்கும் ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று அதையே குறைத்தது. கார் ஓட்டுகிறவன் குடித்துவிட்டு ஓட்டிச் சாகக்கூடாது என்பது நல்ல நோக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ரோட்டிலிருந்து கிளம்பின. எங்கே போயின? ஆகாசத்துக்கா போகும்? ரோட்டை விட்டு உள்ளே வந்தன. குடியிருப்புக்குள், வயக்காட்டுக்குள், காலனி முக்கில். கார்க்காரனின் உயிரைப் பற்றி நீதிமன்றம் வரைக்கும் விவாதம் நடந்தது. நடந்து போகிறவளின் உயிரைப் பற்றி ஒரு பத்தி கிடையாது.

பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கடையை உடைத்தார்கள், பாட்டிலை நொறுக்கினார்கள், பந்தலைப் பிரித்துப் போட்டார்கள். சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். கிராமசபைத் தீர்மானம் போட்டால் கடையை மூடியாகணும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இல்லை. தீர்மானம் 'பரிசீலிக்கப்படும்'. பார்க்காரரின் யோசனை அமலுக்கு வரும்.

இங்கே ஒரு இடத்தில் நிறுத்தி 'ஒழுங்கு' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கணும். ஆட்சியாளர்களும் பத்திரிகைகளும் 'சட்டம் ஒழுங்கு' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். எது ஒழுங்கு? செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் வருகிறான், நட்சத்திர ஹோட்டலில் உட்கார்ந்து குடிக்கிறான். அதற்கு எப்.எல்.3 என்று உரிமம், சுற்றுலா வளர்ச்சி என்று பேரு. பெரிய மனுசன் கிளப்பில் சீட்டாடிக்கொண்டு குடிக்கிறான். அதற்கு எப்.எல்.2. எங்காள் கொத்தனார் வேலை முடிந்து, பாருக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் ஒரு குவார்ட்டரோடு புளியமரத்தடியில் உட்கார்ந்தால் 'பொது இடத்தில் மது அருந்தினான்' என்று வழக்கு, அபராதம், போலீஸ் ஸ்டேசனில் ஜட்டியோடு உட்காரவைப்பு. குடி ஒன்றுதான். சுவர் இருந்தால் ஒழுங்கு, சுவர் இல்லாவிட்டால் குற்றம். சுவர் கட்ட இடம் யாரிடம் இருக்கிறது என்பதுதானே சாதி?

2023 ஏப்ரலில் கல்யாண மண்டபத்திலும் விளையாட்டு மைதானத்திலும் சிறப்பு உரிமத்தில் சரக்கு பரிமாறலாம் என்று அரசாங்கம் ஒரு அறிவிப்பு போட்டது. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் சரக்கா என்று கூச்சல் கிளம்பிய வேகத்தில் கல்யாண மண்டபத்தை அந்த அறிவிப்பிலிருந்து எடுத்தார்கள். பாருங்கள், மதிப்பானவர்கள் ஆட்சேபித்தால் அரசாங்கத்துக்கு உடனே காது கேட்கிறது! நாங்கள் வருசக்கணக்காகக் கத்துகிறோம், எங்களுக்கு மட்டும் 'கொள்கை முடிவு' என்று பதில் வருகிறது.

இன்னொரு ஒழுங்கின்மையும் இருக்கிறது. அது எந்தத் திட்டத்திலும் வராது. வீட்டுக்குள் நடப்பது. நூறு நாள் வேலைக்குப் போய் வந்த கூலியைப் பிடுங்கிக்கொண்டு போவது, மறுத்தால் மிதிப்பது, பிள்ளை நோட்டு வாங்க வைத்த காசு ராத்திரி ஒன்பது மணிக்குக் குவார்ட்டராக மாறுவது. ரோட்டில் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டால் அது பிரச்சனை, ஏனென்றால் போக்குவரத்து தடைப்படும், வியாபாரம் கெடும். குடிசைக்குள் ஒரு பெண்ணின் விலா எலும்பு உடைந்தால் எந்த வியாபாரமும் கெடுவதில்லை. மறுநாள் காலையில் கண்மாய்க்கரையிலும் வயக்காட்டிலும் உடைந்து கிடக்கும் பாட்டில் சில்லு யார் காலில் ஏறுகிறது? நடவுக்கு வெறுங்காலோடு இறங்குகிறவள் காலில். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசைத் தருகிற திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. அதுவும் காட்டு விலங்குக்கு ஆபத்து என்று நீதிமன்றம் சொன்ன பிறகு! யானைக் காலைப் பற்றி யோசித்ததற்கு நன்றி. அந்த யோசனை எங்க ஆத்தாமார் காலுக்கு முதலில் வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதையெல்லாம் சொன்னதும் நம் தோழர்கள் சிலர் "அப்ப பூரண மதுவிலக்குதான் தீர்வு" என்று எழுந்து நிற்பார்கள். இதில் நான் நிதானமாகவே பேச விரும்புகிறேன். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், இழந்த வருமானத்துக்கு 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். 1948இல் மாகாணம் முழுக்க. 1971இல் கருணாநிதி ஒத்திவைத்தார், பிறகு திரும்பக் கொண்டுவந்தார். 1981இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். சாராயம் வந்தது, போனது, 1991இல் மறுபடி போனது. திறந்தபோதும் மூடியபோதும் சேரியைக் கேட்டு எவனும் செய்யவில்லை. மூடியிருந்த காலத்திலும் போலீஸ் வந்து பானையை உடைத்தது எங்கள் தெருவில்தான், கேஸ் விழுந்ததும் எங்காள் மேல்தான். காய்ச்சச் சொல்லிக் காசு போட்டவன் மேல் எப்போதாவது விழுந்ததா?

அம்பேத்கர் இதில் என்ன சொன்னார் என்று பாருங்கள். 1951இல் பட்டியல் சாதிக் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை மதுவிலக்கை ஒரு அரசுக் கொள்கையாகக் கடுமையாக எதிர்த்தது. வருமானம் போகும், காய்ச்சுவது வீட்டுத் தொழிலாகும், பொம்பளை பிள்ளைவரைக்கும் கெடும் என்றது. அதே அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது எடுக்கச் சொன்ன 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. அதற்கு முன்னாலேயே அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' இதழில் குடிக்கு எதிராக எழுதியவர். பஞ்சசீலத்தில் ஐந்தாவது அதுதானே! முரண்பாடு என்று சில மேதாவிகள் சொல்கிறார்கள். எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. குடிப்பதில்லை என்று நாங்கள் கூடி முடிவெடுப்பது வேறு. எங்களுக்காக லத்தியோடு ஒருவன் முடிவெடுப்பது வேறு. அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கு வந்தபோது ஜெய்பால் சிங் முண்டா எழுந்து, ஆதிவாசிகளின் மத உரிமையில் கைவைக்காதீர்கள் என்று ஆட்சேபித்ததும் இந்த இடத்திலிருந்துதான். அவர் குடியைக் கொண்டாடவில்லை, எங்கள் வாழ்க்கையைப் பற்றி எங்களைக் கேள் என்றார்.

கள்ளக்குறிச்சி கருணாபுரம், 2024 ஜூன். மெத்தனால் கலந்த சாராயத்தில் 65 பேருக்கும் மேல் செத்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், கூலி வேலைக்காரர்கள். காவல் நிலையம் நடந்து போகிற தூரம். செத்த வீட்டுக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள், தண்டனையைக் கூட்டிச் சட்டத்தைத் திருத்தினார்கள். பத்து லட்சத்தைப் பார்த்து 'குடிச்சுச் செத்தவனுக்குக் காசா' என்று கேலி பேசிய நல்லவர்களும் உண்டு. டாஸ்மாக் விலைக்கு வாங்க முடியாதவன்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான் என்பது அந்த நல்லவர்களுக்குத் தெரியாததா? அந்த வருச அக்டோபர் 2இல் உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மகளிர் மாநாட்டுக்குப் பெண்கள் திரண்டார்கள். மறுநாள் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் கூட்டணி உடையுமா, உடையாதா என்பதைப் பற்றித்தான். பெண்கள் ஏன் வந்தார்கள் என்பது அவர்களுக்குச் செய்தி இல்லை.

ஆகவே கடையைத் திறப்பதா மூடுவதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. யாரைக் கேட்டு என்பதே முதல் கேள்வி. இதைக் கேட்டால் உடனே 'நடைமுறையில் எப்படிச் சாத்தியம்' என்பார்கள். சாத்தியமான இடங்களைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 2003ஆம் வருசத்து உரிமச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உள்ளாட்சி தன் மதுக்கடைக் கொள்கையை எழுதுவதற்கு முன்னால் உரிமம் வைத்திருக்கிறவர்களின் பிரதிநிதிகளைக் கலந்தாலோசிக்கணும் என்கிறது. அதே பிரிவு, அங்கே குடியிருக்கிறவர்களின் பிரதிநிதிகளையும் கேட்கணும் என்கிறது. ஸ்காட்லாந்தில் 2005 சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மன்றம். அதில் உரிமக்காரர்களோடு உள்ளூர்க் குடியிருப்பாளர்களும், மருத்துவம் கல்வி சமூகப்பணி பார்க்கிறவர்களும், இளைஞர்கள் சார்பில் ஒருவரும் கட்டாயம் இருக்கணும். வெள்ளைக்காரன் செய்தால் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயே நடந்த இன்னொரு கதையைக் கேளுங்கள். குடித்து ரகளை நடக்கும் பகுதி என்று ஒரு இடத்தை அறிவித்து, அங்கே சரக்கு விற்று லாபம் பார்க்கிற கடைகளிடமே கூடுதல் போலீசுக்கும் தெருச் சுத்தத்துக்கும் காசு வசூலிக்கலாம் என்று 2006இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2008இல் அமலுக்கு வந்தது. கடைக்காரர்களிடம் கருத்துக் கேட்டபிறகே அறிவிக்கணும், ஆயிரம் நடைமுறை. கடைசியில் ஒரே ஒரு இடம்கூட அறிவிக்கப்படவில்லை. 2011இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 'லாபம் பார்க்கிறவன் சேதத்துக்கும் காசு கொடு' என்கிற சின்ன நியாயம் அங்கேயே செத்துப் பிறந்தது. விற்கிறவன் அரசாங்கமாகவே இருக்கிற நம் ஊரில் அந்த நியாயத்தின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மகாராட்டிரத்துக்கு வாருங்கள். பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் மனு போட்டால் கடை இருக்கணுமா என்று வாக்கெடுப்பு நடத்தணும். சீட்டில் இரண்டு படம், நிற்கிற பாட்டில், சாய்ந்த பாட்டில். பாதிக்கு மேல் பெண்கள் சாய்ந்த பாட்டிலில் முத்திரை குத்தினால் கடை மூடணும். எழுத்துத் தெரியாத கிழவிக்கும் புரிகிற சட்டம். 1992இல் ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் தொடங்கிய சாராய எதிர்ப்பை நடத்தியவர்களும் இப்படிப்பட்ட பெண்கள்தான். கூலிக்காரிகள், தலித்துகள், பிற்பட்டோர். சாராய ஏலத்தையே நடக்கவிடாமல் செய்தார்கள். 1993 அக்டோபரில் சாராயத்தை அரசாங்கம் தடை செய்ய வேண்டியதாயிற்று. 1995இல் வந்த பூரண மதுவிலக்கை 1997இல் வருமானம் போச்சு என்று தளர்த்தினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

ஆனால் மகாராட்டிரத்துச் சட்டத்தை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்தால் நமக்கு ஆகாது. ஊராட்சி முழுக்க ஓட்டு எண்ணினால் என்ன நடக்கும்? சேரியில் நூறு ஓட்டு, ஊரில் எண்ணூறு ஓட்டு. ஊர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடையைச் சாய்த்து ஓட்டுப் போடுவார்கள், சேரிப் பக்கம் தள்ளி வைக்கும் கடையை நிற்க விடுவார்கள். ஜனநாயகமாகவே நடக்கும்! கிராமசபையில் எழுந்து பேசினால் மறுநாள் வேலை கிடைக்காது என்கிற ஊர்களில் பெரும்பான்மை என்பது ஆதிக்க சாதியின் இன்னொரு பேரு. அதனால் நாம் கேட்க வேண்டியது ஊராட்சி வாரியாக இல்லை, குடியிருப்பு வாரியாக. எந்தக் குடியிருப்புக்குப் பக்கத்தில் கடை வருகிறதோ அந்தக் குடியிருப்பின் பெண்கள் தனியாகக் கூடி, ரகசிய வாக்கில் சொல்லணும். அவர்கள் வேண்டாம் என்றால் கலெக்டர் 'பரிசீலிக்க' ஒன்றுமில்லை, கடை வரக்கூடாது. வீட்டிலிருந்து தூரம் என்று ஒன்று விதியில் ஏறணும். சாமிக்குப் பதிவு கேட்கக்கூடாது, மக்கள் கும்பிடுகிற இடம் என்றால் வழிபாட்டுத் தலம்தான். குடித்தகராறு பற்றி எந்த அலுவலகத்தில் கூட்டம் போட்டாலும் பார்க்காரருக்கு அழைப்பு போகும் அன்றே காலனிப் பெண்களுக்கும், பாட்டிலைப் பொறுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் எழுத்துப்பூர்வமாக அழைப்பு போகணும். 2003லிருந்து தொகுப்பூதியத்தில் கிடக்கும் கடை ஊழியர்களையும் கூப்பிடணும், குடிகாரனிடம் முதல் அடி வாங்குகிறவன் அவன்தான். வருமானத்திலிருந்து அந்தந்தக் குடியிருப்புக்கே குடிமீட்பு மருத்துவமும், அடிபட்ட பெண்ணுக்குப் புகலிடமும் வரணும். மாவட்டத் தலைநகரில் ஒரு வார்டு திறந்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது எங்களுக்குப் போதாது.

இப்போதைக்குச் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. டேப்பு எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊர்க் கடையிலிருந்து ஊர்க்கோயில் எத்தனை மீட்டர், சேரிக் கோயில் எத்தனை மீட்டர், ஊரின் முதல் வீடு எத்தனை, காலனியின் முதல் வீடு எத்தனை, நாலையும் அளந்து எழுதுங்கள். பெண்களை வைத்து அளங்கள், ஆம்பளைகள் கடையைத் தாண்டி வரமாட்டார்கள்! ஊர்ப் பெயர், ஒன்றியம், தேதியோடு இதழுக்கு அனுப்புங்கள். வந்ததையெல்லாம் அச்சிட்டு, அந்தத் தாளையே மனுவாக அடுத்த கிராமசபையில் வைப்போம். அமராவதிபுதூரில் நாங்கள் அளக்கத் தொடங்கிவிட்டோம்.